நோயாளி சொன்னது: ‘அப்படியேதான் கீது’

என் முழங்கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவேன் என்று போன மாதம் ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவள்தான் எனக்கு பிசியோதெரபி கொடுப்பவள். கையில் ஒரு டேப்லெட். அதில் சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து அழுகிற மூஞ்சி வரை வரிசையாகப் பொம்மைகள். ‘இதுல எது நீங்க, ஆன்ட்டி?’ என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு ஒரு கிழவி விழுந்து விழுந்து சிரித்தால் அவள்தான் பாவம் என்ன செய்வாள்? சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டுவிட்டாள். எனக்கு வலியே இல்லை என்று பதிவாகிவிட்டது. இங்கே உயிர் போகிறது!

‘நானும் உன் வேலைதான்மா பார்த்தேன், இதே செங்கல்பட்டுல’ என்றேன்.

‘அய்யோ, நிஜமாவா? அப்போல்லாம் நோட்ஸ் எப்படி எழுதுவீங்க? ஃபார்மட் எதாவது இருந்துச்சா?’

‘நாலு கட்டம் இருந்துச்சு. அந்த நாலு கட்டத்துக்காக ஒரு பெரிய டாக்டர் டையோட கடல்ல விழுந்தார்’ என்றேன். டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. செங்கல்பட்டு பஜாரில் அத்தாவுக்குக் குடைக் கடை. மெட்ராஸில் பிசியோதெரபி படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹாஸ்டல் சாம்பாரில் இளைத்தேன், பாஸ் செய்தேன். வேலை கிடைத்தபோது அம்மாதான், ‘ஆம்பளைங்க கையையும் காலையும் புடிச்சி முறுக்குறதெல்லாம் ஒரு வேலையா?’ என்று மூக்கைச் சிந்தினாள். அத்தா அசரவில்லை. ‘குடைக் கம்பிய நிமித்துறவன் மவ எலும்ப நிமித்தப் போறா. போவட்டும் வுடு’ என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நீளமான வராந்தாவின் கோடியில் எங்கள் அறை. மெழுகு உருக்கும் தொட்டி ஒன்று, தோளுக்குச் சுற்றுகிற சக்கரம் ஒன்று, கயிறு போட்ட கப்பி ஒன்று, சூடு கொடுக்கிற மின்சாரப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியால் ஊரில் எங்களுக்கு ‘கரண்ட்டு ரூம்’ என்று பெயர். என்ன நோயானாலும், ‘கொஞ்சம் கரண்ட்டு வெச்சி வுடும்மா’ என்றுதான் கேட்டு வருவார்கள். எனக்கு சீனியர் சந்தானம் சார். நல்ல மனிதர், எழுதுவதென்றால் மட்டும் ஆகாது. முதல் நாள் செய்த சிகிச்சையை எழுதுவார், அதற்குப் பிறகு தாள் முழுக்க ‘ரிப்பீட் ஆல்’ தான். வராமல் நின்றுபோன ஒரு நோயாளிக்குக்கூட ஒரு வாரம் ‘ரிப்பீட் ஆல்’ போட்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் எங்கள் தலைவராக வந்து சேர்ந்தார் டாக்டர் கனகசபை. எலும்பு டாக்டர். மதுரைப் பக்கத்துக்காரர், ஸ்காட்லாந்தில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். செங்கல்பட்டு வெயிலிலும் கழுத்தில் டை, காலில் பளபளக்கிற ஷூ. குரல் உயரவே உயராது. திட்ட மாட்டார், அதுதான் இன்னும் பயம். வந்த வாரமே எங்கள் தாள்களை எடுத்து, ‘ரிப்பீட் ஆல், ரிப்பீட் ஆல், ரிப்பீட் ஆல்’ என்று ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தார். பிறகு சந்தானம் சாரிடம், ‘இந்த நோயாளி இன்னைக்கு எப்படி இருக்கார்?’ என்று கேட்டார்.

‘நல்லா இருக்கார் சார்.’

‘யார் சொன்னது?’

சந்தானம் சார் என்னைப் பார்த்தார். நான் மெழுகுத் தொட்டியைப் பார்த்தேன்.

மறுநாள் சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஒவ்வொரு தாளிலும் நாலு கட்டம். ‘தாயம் ஆடவா?’ என்று சந்தானம் சார் என் காதில் கேட்டார். முதல் கட்டத்தில் நோயாளி சொன்னதை எழுத வேண்டும். அவர் வாயில் வந்த சொல்லிலேயே, மேற்கோள் குறி போட்டு. திருத்தக் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. இரண்டாவதில் நாம் கண்டது. தோள் எத்தனை டிகிரி தூக்குகிறது, கையைப் பின்னால் கொண்டுபோனால் கட்டைவிரல் முதுகில் எது வரை ஏறுகிறது என்று அளந்ததும் பார்த்ததும் மட்டும். மூன்றாவதில் இந்த இரண்டையும் வைத்து நாம் நினைப்பது, அதுவும் ‘ஏனென்றால்’ போட்டுக் காரணத்தோடு. நாலாவதில் அடுத்த தடவை செய்யப்போவது. ‘நன்று’, ‘பரவாயில்லை’, ‘முன்னேற்றம் தெரிகிறது’ எல்லாம் அன்றோடு ஒழிந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் வருவார். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நோயாளி உட்காரும் முக்காலியில் அவர் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் எழுதியதை அந்த நோயாளியின் முன்னாலேயே சத்தமாக வாசிக்க வேண்டும். ஆதாரம் இல்லாத சொல் ஒன்று வந்துவிட்டால், ‘க்கும்’ என்று ஒரு இருமல். அவ்வளவுதான் தண்டனை. பிறகு பச்சை மையில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். என் முதல் குறிப்புக்கு அவர் இருமிய இருமலில், நாற்காலியில் இருந்த நோயாளி பயந்துபோய், ‘இன்னா டாக்டரே, உங்குளுக்கே ஒடம்பு செரியில்லியா?’ என்று எழுந்து நின்றுவிட்டார்!

மற்ற மூன்று கட்டமும் இங்கிலீஷ். முதல் கட்டம் மட்டும் எங்கள் ஊர்த் தமிழ். அரசாங்கத் தாளில் ‘மரத்துகினு கீது’, ‘முட்டி கயண்டுகினு போவுது’ என்றெல்லாம் மேற்கோள் குறிக்குள் எழுதும்போது உள்ளுக்குள் ஒரே கும்மாளமாக இருக்கும். டாக்டருக்குத்தான் திண்டாட்டம். ‘கால் ஒரே பேஜாரா கீது’ என்று நான் வாசித்த அன்று, ‘பேஜார்ன்னா என்ன மாதிரி வலி? குத்தலா, குடைச்சலா?’ என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். ‘ரெண்டும்தான் சார், அதோட பஸ்ஸும் கிடைக்காத மாதிரி’ என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நாலு கட்டம் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. வீட்டிலும் ஆரம்பித்துவிட்டேன். அத்தா சொன்னது: ‘பிரியாணில உப்பு கம்மி.’ நான் கண்டது: மூன்றாம் தட்டு. நான் நினைப்பது: உப்பில் குறையில்லை, ஏனென்றால் தட்டைப் பாருங்கள். அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள்.

ஒருநாள் டாக்டரிடம் துணிந்து கேட்டேன். முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் சண்டை போட்டால் எதை நம்புவது சார்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்காட்லாந்தில் அவரிடம் ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தாராம். இடுப்பு நன்றாக அசைந்தது, அளவெல்லாம் சரி. அந்த ஆள் மட்டும் தினமும் ‘சரியாகவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலும்புக்குள்ளே அழுகிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ‘உடம்பு அவருடையது ஜமீலா. நம்ம கையில இருக்கிறது வெறும் கோணமானி. சண்டை வந்தா முதல் கட்டத்தை நம்பு’ என்றார். கோணமானி என்பது டிகிரி அளக்கிற சட்டம். அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அதே வார்த்தை என் கழுத்தை நெரிக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

எல்லப்பன் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர். கரை ஏற்றும்போது அலை மரத்தைப் புரட்டிவிட, அது வலது தோளில் அடித்து மேல்கை எலும்பு முறிந்துபோனது. ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கட்டை ரொம்ப நாள் அவிழ்க்காமல் விட்டதில் தோள் அப்படியே இறுகிவிட்டது. எங்களிடம் வந்தபோது கை விலாவோடு ஒட்டியிருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. கூடவே வந்த மனைவி குப்பம்மாதான் எல்லாம்.

‘இந்தக் கை மேல போவலன்னா துடுப்பு புடிக்க முடியாது தங்கச்சி. துடுப்பு புடிக்காதவன எவன் மரத்துல ஏத்துவான்?’ என்றார் எல்லப்பன். அதை அப்படியே முதல் கட்டத்தில் எழுதினேன்.

வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடை. முதலில் சூடு, பிறகு கப்பி, பிறகு சக்கரம், கடைசியில் சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏற வேண்டும். ஏறிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். கோடுகள் ஏறிக்கொண்டே போயின. மார்பு உயரம், கழுத்து, மூக்கு, நெற்றி! கோடு அவர் தலையைத் தாண்டிய அன்று நான் மேசையைத் தட்டிக் குதித்தேன். சந்தானம் சார் மிட்டாய் வாங்கி வந்தார்.

‘எப்படிண்ணே இருக்கு கை?’ என்று கேட்டேன், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

எல்லப்பன் குப்பம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ‘எங்க தங்கச்சி. அப்படியேதான் கீது.’

‘ராவுல தூக்கமே இல்ல’ என்றாள் குப்பம்மா.

எழுதினேன், வேறு என்ன செய்ய? அடுத்த முறையும் ‘அப்படியேதான் கீது’. அதற்கடுத்த முறையும் அதே. இரண்டாம் கட்டத்தில் டிகிரி ஏறிக்கொண்டே போகிறது, முதல் கட்டத்தில் மனிதர் அசையவே இல்லை. ஒருநாள் சிகிச்சை முடிந்து, சுவரில் உயரத்தில் இருந்த ஆணியிலிருந்து சட்டையை வலது கையாலேயே எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பொத்தானையும் அவரே போட்டார். ‘அண்ணே, இப்ப சட்டைய எந்தக் கையால எடுத்தீங்க?’ என்று கத்தினேன். உடனே கையை மடக்கி விலாவில் ஒட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கையை நானே திரும்ப உடைத்திருப்பேன்.

அவர்கள் கிளம்பியதும் டாக்டரிடம் சட்டைக் கதையை வாசித்தேன். ‘க்கும்’ வரவில்லை. அதைவிட மோசமானது வந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘வலியைப் பொறுத்துக்கிட்டு எடுத்திருப்பார். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து பொய் சொல்றதுக்கு அவருக்கு என்ன அவசியம்?’ என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். தோள் எலும்பின் தலைப்பக்கம் லேசாகப் புகை படிந்த மாதிரி ஒரு இடம் இருந்தது. அது நிழலாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். ‘அந்தச் சுரங்கத் தொழிலாளியும் இப்படித்தான் சொன்னார். இந்தத் தடவை நான் காதை மூடிக்க மாட்டேன். திறந்து பார்த்துடலாம். திங்கட்கிழமை’ என்றார்.

இவ்வளவு பாடுபட்டு இளக்கிய தோள். அதைக் கீறித் திறந்தால் மறுபடியும் இறுகிவிடும். இரண்டாவது தடவை இளகுமா என்பது யாருக்கும் தெரியாது. இளகாவிட்டால் எல்லப்பனுக்குத் துடுப்பு இல்லை, கடல் இல்லை.

ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பிடித்துவிட்டேன். ‘அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். கை தேவலையா இல்லையா? தேவலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை தோளைக் கிழிச்சுப் பாக்கப் போறாங்க!’

எல்லப்பன் வாயைத் திறந்தார். குப்பம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாய் மூடிக்கொண்டது. ‘எப்டி தங்கச்சி அத்தப் போயி சொல்றது’ என்று முணுமுணுத்தார். ‘பெரிய டாக்டரு. அவரு பாத்துகினு செய்யட்டும்.’ அதற்குள் பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆபரேஷன் உடுப்போடு டாக்டர் காத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வார்டில் வந்து சேர்ந்த எல்லப்பனின் கட்டில் காலி. ‘ஓடிட்டான் சார்’ என்று வார்டில் சொன்னார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. ‘அந்தத் தோளோட கடலுக்குப் போயிருந்தா? நடுவில கை நின்னுபோனா என்ன ஆகும்?’ என்றார். உடுப்பை மாற்றி, டையைக் கட்டிக்கொண்டு, ஜீப்பை எடுக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். கோணமானி என் கையிலேயே இருந்தது, வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியபோது, ‘கேட்டும் விட்டுட்டோம்னு ஆகக் கூடாது ஜமீலா’ என்றார்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மரங்கள் கரை திரும்புகிற நேரம். மணலில் குப்பம்மா கூடையோடு நின்றிருந்தாள். டையைப் பார்த்ததும், பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

‘அவரு இல்ல. ஊருக்குப் போய்க்கீறாரு.’

‘எந்த ஊருக்கு?’ என்றார் டாக்டர்.

‘தூரமா.’

டாக்டர் கடலைக் காட்டினார். ‘அது யாரு?’

அலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில் எல்லப்பன் நின்றுகொண்டு துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். தலையில் முண்டாசு. முண்டாசு என்ன துணி என்கிறீர்கள்? கையைத் தொங்கப்போட ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுத்த முக்கோணத் துணி! ஆஸ்பத்திரி முத்திரை நெற்றிக்கு நேரே கருப்பாகத் தெரிந்தது.

‘அது... அவரு அண்ணன்’ என்றாள் குப்பம்மா.

நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே அழுகிக்கொண்டிருக்கிற ஒரு தோள்தான். ‘மிஸ்டர் எல்லப்பன்! கையை உயர்த்தாதீங்க! கையை உயர்த்தாதீங்க!’ என்று கத்திக்கொண்டே, ஷூவோடு, டையோடு, நேராகக் கடலுக்குள் நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். ஒரு அலை வந்தது. டாக்டரைக் காணோம்.

கரையே அலறியது. ஒரு ஷூ மட்டும் மிதந்தது. எல்லப்பன் துடுப்பைப் போட்டுவிட்டு, மரத்துக் கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். வலது கையை உள்ளே விட்டுத் துழாவினார். டாக்டரின் பின்பக்கம், பெல்ட்டுதான் அகப்பட்டிருக்க வேண்டும். அப்படியே ஒரே தூக்கு! தலைக்கு மேலே, கை நெட்டுக்குத்தாக, சொட்டச் சொட்ட எங்கள் தலைவர் மரத்தின் மேல் போய் விழுந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மணலில் குதித்துக்கொண்டே, ‘நூத்தி எழுவது! நூத்தி எழுவது டிகிரி சார்!’ என்று கத்தினேன். எங்கள் டாக்டர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், நான் கோணமானியை நீட்டிக் காற்றில் அளந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன.

கரையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் இருமினார். வாழ்க்கையில் முதல்முறையாக, காரணத்தோடு, உப்புத் தண்ணீரோடு இருமினார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள். ‘தூக்கினப்ப வலிச்சுதா?’

எல்லப்பன் தலையிலிருந்த ஆஸ்பத்திரித் துணியை அவிழ்த்துப் பின்னால் மறைத்துக்கொண்டார். குப்பம்மாவைப் பார்த்தார். குப்பமே சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

‘எங்க சார்’ என்றார் பரிதாபமாக. ‘அப்படியேதான் கீது.’

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூடையில் இடமில்லாமல் மீன் விளிம்பு வழியாக மணலில் விழுந்துகொண்டிருந்தது. தலை சுற்றிப்போயிருந்த நான் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். ‘இன்னிக்கு மீன் எப்படிம்மா?’

‘எங்க மீனு’ என்றாள் அவள், விழுந்த மீனைப் பொறுக்கிக்கொண்டே. ‘ஒண்ணுமே இல்ல. சும்மாதான் போயிட்டு வந்தாங்க.’

அடடா! அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். இது எங்கள் வீட்டுப் பாட்டுதானே! ஐப்பசி மழையில் அத்தாவின் கடையில் குடைக்கு அடிதடி நடக்கும். யாராவது ‘வியாபாரம் எப்படி பாய்?’ என்று கேட்டால், ‘ஏதோ அல்லாஹ் ஓட்டுறான்’ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். நல்லா இருக்கு என்று வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். நாலு பேர் இருக்கிற அறையில், நாற்காலியில் உட்கார வைத்து, பேனாவைத் தூக்கிக்கொண்டு, ‘தேவலையா, சொல்லு, அரசாங்கத் தாளில் எழுதிக்கொள்கிறேன்’ என்றால் எந்த மனுஷன் சொல்வான்? கடலோடு பிழைக்கிறவன் சொல்லவே மாட்டான்.

டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் மீன் கூடையைப் பார்த்தார். எல்லப்பனின் தோளைப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரு ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து மறுபடி இருமல் வந்து, குப்பம்மா முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ‘பாவம் டாக்டரு. இன்னாத்துக்குய்யா டையெல்லாம் கட்டிகினு கடல்ல எறங்குற?’ என்றாள் அவள். அன்று மத்தியானம் எங்களுக்கு அவள் வீட்டில் மீன் குழம்பும் சோறும். எல்லப்பனின் கைலியைக் கட்டிக்கொண்டு டாக்டர் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு எப்படி என்று குப்பம்மா கேட்டபோது, ‘ஏதோ இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்டார். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்றைய குறிப்பை அவரே பச்சை மையில் எழுதினார். நோயாளி சொன்னது: ‘அப்படியேதான் கீது.’ நான் கண்டது: நோயாளி வலது கையால் என்னைக் கடலிலிருந்து தலைக்கு மேல் தூக்கினார், என் எடை எண்பது கிலோ, உடைகள் நனைந்திருந்தன. நான் நினைப்பது: தோள் குணமாகிவிட்டது, ஏனென்றால் நான் உயிரோடு இருக்கிறேன். அடுத்துச் செய்வது: ஆபரேஷன் ரத்து, டாக்டர் நீச்சல் கற்க வேண்டும். புது எக்ஸ்ரேயும் எடுத்தோம். அந்தப் புகை வெறும் நிழல்தான்.

அதற்குப் பிறகு எங்கள் கேள்வி மாறியது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதை டாக்டர் நிறுத்தச் சொன்னார். ‘நேத்து என்ன செஞ்சீங்க?’ என்றுதான் கேட்க வேண்டும். அதில் பெருமையும் இல்லை, கண்ணூறும் இல்லை. கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது! ‘நேத்து தண்ணி எடுத்தாந்தேன்’, ‘கூரைக்கு ஓலை மாத்தினேன்’, ‘எங்க மாமியாரோட சண்டை, ஒலக்கைய தூக்கிட்டேன்’. முதல் கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினோம். சந்தானம் சார்கூட எழுத ஆரம்பித்துவிட்டார். உலக்கை அவர் நோயாளிதான், நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் தூக்காத கை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லப்பனை விடுவித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, நேற்று இழுத்த வலையைப் பற்றிச் சொன்னார். எழுதிக்கொண்டேன். டாக்டர் கையைக் குலுக்கினார், ‘பாத்து குலுக்குங்க’ என்று குப்பம்மா அதட்டினாள். இருவரும் கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லப்பன் மட்டும் வராந்தாவில் அவசரமாகத் திரும்பி வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

‘தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். எழுதிடாத.’

‘எழுத மாட்டேண்ணே.’

‘குப்பம்மாகிட்டயும் சொல்லாத.’

‘சத்தியமா சொல்ல மாட்டேன்.’

என் காதருகே குனிந்து சொன்னார். சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார். பொத்தியது வலது கை. நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுததே இல்லை. உள்ளே வந்தபோது தாள் திறந்தபடி இருந்தது, பேனாவும் பக்கத்தில் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

‘திரும்பி வந்து என்ன சொன்னார்?’ என்றார் டாக்டர்.

‘துண்டை மறந்துட்டாராம் சார்.’

‘க்கும்’ என்றார். ஆனால் பச்சை மை எடுக்கவில்லை.

ரிடையர் ஆகும்வரை எத்தனையோ தாள்கள் எழுதினேன். அந்த ஒரு வரியை எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. எல்லப்பன் கிழவராகி, கடலை விட்டுக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த காலத்திலும் வழியில் பார்த்தால் ‘எங்க தங்கச்சி, அப்படியேதான் கீது’ என்றுதான் சொல்வார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். சமீபத்தில்தான் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். முந்தின சாயங்காலம்கூட அந்தக் கையாலேயே தலை சீவிக்கொண்டார் என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள், பழக்க தோஷம். பிறகு என்னைப் பார்த்து, ‘இனிமே சொன்னா இன்னா’ என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

ஆமாம், இனி எந்தக் கண்ணும் அவர் மேல் படாது. அந்தக் கட்டத்தை இப்போது நிரப்பிவிடுகிறேன்.

நோயாளி சொன்னது: ‘சோக்கா கீது, தங்கச்சி.’